பூண் போட்டால் உலக்கை நீளுமா?

பேண்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தரையில் இழுபடுகிறது. செருப்பில் ஒரு குதிகால் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களில் பலர் வலியோடு இதையும் டாக்டரிடம் சொல்வார்கள்: "ஒரு கால் குட்டையாகிவிட்டது போலிருக்கிறது." தேய்ந்த மூட்டுக்கு உலோகத் தொப்பி மாட்டும் ரீசர்ஃபேசிங் ஆபரேஷன் செய்துகொண்டால் இரண்டு காலும் சமமாகிவிடுமா? குட்டை எந்த வகை என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

எலும்பிலா, சாய்விலா?

இரண்டு கால்களும் துளி பிசகாமல் ஒரே நீளத்தில் இருப்பது அபூர்வம். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலோருக்கு உண்டு. உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை.

அதைத் தாண்டினால் இரண்டு வகை. முதலாவது உண்மைக் குட்டை: எலும்பின் அளவே குறைந்திருக்கும். சிறுவயதில் தொடை எலும்பு முறிந்தது, போலியோ தாக்கியது, பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தது எனக் காரணங்கள் பல. மூட்டுத் தேய்மானத்திலும் குருத்தெலும்பு கரைந்து, பந்துபோன்ற தலை தட்டையாகி, நீளம் சற்றுக் குறையும்.

இரண்டாவது தோற்றக் குட்டை. இதில் எலும்பு சரியாகவே இருக்கும். ஆனால் நாள்பட்ட வலியில் தசைகள் இறுகி, தொடை உட்பக்கமாகச் சாய்ந்தபடி நின்றுவிடும். அந்தக் காலை மற்றக் காலோடு இணையாக வைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறியாக வேண்டும். இடுப்பு ஏற, கால் குட்டையாகத் தெரியும். முதுகெலும்பு வளைந்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

டாக்டர் நாடாவை எடுத்து, இடுப்பின் முன்புறம் துருத்தும் எலும்பு முனையிலிருந்து உள் கணுக்கால்வரை அளப்பது உண்மை நீளம். தொப்புளிலிருந்து அதே கணுக்கால்வரை அளப்பது தோற்ற நீளம். பிறகு குட்டைக் காலின் கீழ் மெல்லிய கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, எந்த உயரத்தில் இடுப்பு சமமாகிறது என்று பார்ப்பார். எக்ஸ்-ரேயும் எடுப்பார்கள்.

ரீசர்ஃபேசிங்கில் நடப்பது

முழு இடுப்பு மாற்று ஆபரேஷனில் தொடை எலும்பின் தலையையும் கழுத்தில் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்குவார்கள். ரீசர்ஃபேசிங் உலக்கைக்குப் பூண் போடுவது போன்றது. தலையை வெட்டாமல் மேற்பரப்பைச் சீவி, அதன்மேல் உலோகத் தொப்பி ஒன்றை மாட்டுவார்கள். இடுப்புக் கிண்ணத்திலும் உலோகக் கிண்ணம் ஒன்று பொருத்தப்படும். டெரெக் மெக்மினும் ரோனன் ட்ரேசியும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவாக்கிய வடிவம் 1997இல் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2006இல்தான். அதற்கு முன் அமெரிக்க நோயாளிகள் சிலர் சென்னைக்கு வந்து செய்துகொண்டு போனார்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் ரீசர்ஃபேசிங் செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார்.

நீளம் என்ன ஆகும்?

பூண் போட்டால் உலக்கை நீளாது. ரீசர்ஃபேசிங்கில் கழுத்து அப்படியே இருப்பதால் காலின் நீளமும் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். தேய்ந்துபோன சில மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கலாம். முழு மாற்றில் சிலருக்கு நேர்வதுபோல் கால் தேவைக்கு மேல் நீண்டுவிடும் அபாயம் இதில் குறைவு. ஆனால் உண்மைக் குட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் இதைக்கொண்டு சரிசெய்வது கடினம். அங்கே, தண்டையும் கழுத்தையும் வெவ்வேறு அளவில் தேர்ந்தெடுக்க முடிகிற முழு மாற்றுதான் கைகொடுக்கும். அதிலும் ஒரேயடியாக அதிகம் நீட்டினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு இழுபட்டுப் பாதிக்கப்படலாம் என்பதால் டாக்டர்கள் ஓர் எல்லையில் நின்றுவிடுவார்கள்.

தோற்றக் குட்டையின் கதை வேறு. வலி போய், தசைகள் தளர்ந்து, இடுப்பு சமநிலைக்கு வந்தால் எலும்பு நீளாமலேயே கால் சமமாகும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் தலைகீழாகச் சொல்வார்கள்: "இப்போது இந்தக் கால் நீளமாகிவிட்டது." இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள் இறுகி, அந்தப் பக்க இடுப்பைக் கீழே இழுப்பதால் வரும் உணர்வு பெரும்பாலும் இது. பிசியோதெரபி பயிற்சியில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் பலருக்கும் சரியாகிவிடும். அதற்குள் அவசரப்பட்டு மற்றக் காலின் செருப்பை உயர்த்தினால் உடம்பு அந்தச் சாய்வுக்கே பழகிவிடும். அதன் பிறகும் வித்தியாசம் உறுத்தினால் குதிகாலுக்குக் கீழ் திண்டு வைக்கலாம். அதுவும் முழு அளவுக்கு வேண்டாம், படிப்படியாக.

எல்லோருக்கும் பொருந்தாது

உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. வேறொரு நிறுவனத்தின் ரீசர்ஃபேசிங் மூட்டு 2010இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பர்மிங்காம் வடிவத்திலும் சிறிய அளவுகள் 2015இல் விலக்கப்பட்டன. அதனால் பெரிய தலை எலும்புள்ள, சுறுசுறுப்பான, வயது குறைந்த ஆண்களுக்கே இன்று இது அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு, உலோக ஒவ்வாமை, எலும்பு பலவீனம் உள்ளவர்களுக்கும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் ஏற்றதல்ல.

ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கால் குட்டை எலும்பிலா, இடுப்புச் சாய்விலா? எலும்பில் என்றால், எத்தனை மில்லிமீட்டர்?