ஒட்சிசனும் குறைமாதக் குழந்தைகளின் கண்களும்

நவீன மருத்துவக் கருவிகளின் பயனை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் காக்கப்பட்ட உயிர்களையே எண்ணுவர். அவற்றோடு உடன்வந்த கேடுகள் வேறோர் ஏட்டிற் பதியப்படுவதால், இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் வாய்ப்பு அரிது. அவ்வாய்ப்பினை நல்கும் வரலாறு ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1940களில் மேலைநாட்டு வைத்தியசாலைகளில், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளை வெப்பங் காக்கும் பெட்டிகளில் வைத்துத் தாராளமாக ஒட்சிசன் வழங்கினர். நீலம் பாரித்த உடல் செந்நிறம் பெறுவதைக் கண்ணாரக் கண்டோர்க்கு அதன் நன்மையை ஐயுற இடமிருக்கவில்லை. 1942இல் பொஸ்டன் நகரக் கண் வைத்தியர் தியடோர் ரெறி, இத்தகைய குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்படலம் தோன்றிப் பார்வை கெடுவதை விவரித்தார். 1950களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். இந்நோய் மிகுந்து காணப்பட்டது வசதி குன்றிய இடங்களிலன்று; வசதி நிறைந்த இடங்களிலேயே என்பது கருதற்பாலது.

ஒட்சிசனே காரணமாகலாம் என 1951இல் சுட்டியவர் மெல்போணைச் சேர்ந்த கேற் காம்பெல் என்னும் வைத்தியர். விழித்திரையின் குருதிக்கலன்கள் நிறைமாதத்தை அண்மியே முழு வளர்ச்சி எய்துவன. மிகையான ஒட்சிசன் அவற்றைச் சுருங்கச் செய்து வளர்ச்சியைத் தடுக்கின்றது. பின்னர்க் குருதி போதாத விழித்திரையில் ஒழுங்கற்ற புதுக்கலன்கள் முளைத்துக் கசிந்து தழும்பாகி, இறுதியில் விழித்திரையையே பெயர்த்துவிடுகின்றன. வாஷிங்ரனில் ஆர்னல் பாற்ஸ் ஒருசாரார்க்கு ஒட்சிசனைக் குறைத்து ஆராய்ந்தபோது, குழந்தைகள் மூச்சுக்குத் தவிப்பர் என அஞ்சிய தாதியர் சிலர் இரவில் ஒட்சிசனைக் கூட்டிவிட்டனர். அவர்தம் இரக்கத்தை நாம் இகழ்வதற்கில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கின், அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதுமன்று.

1953-54இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் கூடி நடத்திய ஆய்வு காம்பெல்லின் ஐயத்தை உறுதிப்படுத்திற்று. ஒட்சிசன் 40 வீதத்தை மேற்படலாகாது என்பது எங்கும் விதியாயிற்று. குருட்டுத்தன்மையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவ்வாய்வு, பிறந்து 48 மணித்தியாலங்கள் உயிர்தரித்த குழந்தைகளையே சேர்த்துக்கொண்டது. ஒட்சிசன் பற்றாக்குறை உயிரைப் பறிக்கும் காலமோ அம்முதலிரு நாள்களே. எனவே இறப்பு மிகவில்லை என்ற அதன் முடிபு, மிகக்கூடிய இடத்தை நோக்காமற் பெறப்பட்ட முடிபாகும். 1973இல் கென்னத் குறோஸ் ‘லான்செற்’ இதழில், பார்வை காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் எனக் கணித்தார். அக்கணிப்பு மிகையெனக் கொள்ளினும், ஒரு கேட்டை நீக்கிய விதி மற்றொன்றை விளைத்ததென்பதை மறுத்தல் இயலாது.

குருதியிலுள்ள ஒட்சிசனைத் தோலின்மேலிருந்தே அளக்கும் கருவி இன்றுண்டு. ஆயினும் இழுபறி தீர்ந்தபாடில்லை. 24 முதல் 27 வாரங்களிற் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒட்சிசன் செறிவைக் குறைந்த அளவிற் பேணியபோது கடும் விழித்திரை நோய் 17.9 வீதத்திலிருந்து 8.6 வீதமாகக் குறைந்தது, இறப்போ 16.2 வீதத்திலிருந்து 19.9 வீதமாக உயர்ந்தது.