கதிர் தலை சாயவில்லையா? நெற்பயிருக்குள் நடக்கும் செல் பகுப்பும், நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய நாட்களும்

பிசான அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு பிடி நெற்கதிரோடு என்னைப் பார்க்க வந்தார். கதிர்கள் எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. விரலால் நசுக்கினால் பாதிக்கு மேல் சாவி.

"பயிர் பச்சைப்பசேல்னு இருந்துச்சு சார். தூரும் நல்லாத்தான் கட்டுச்சு. கதிர் மட்டும் தலை சாயவே மாட்டேங்கு" என்றார்.

தொண்டைக்கதிர் சமயத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். முறைத் தண்ணீர் தள்ளிப்போய், பத்து நாள் வயல் காய்ந்து வெடித்துவிட்டதாம். கதிர் வெளியே தெரிந்ததும் பதறிப்போய் மோட்டார் வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சி, ஒரு மூட்டை யூரியாவும் போட்டிருக்கிறார். செலவு செய்தது உண்மை. ஆனால் அது பத்து நாள் பிந்திய செலவு. அந்தப் பத்து நாளுக்குள் பயிரின் உள்ளே ஒரு வேலை நடந்து, கெட்டு, முடிந்தும் போயிருந்தது.

அந்த வேலையின் பெயர் செல் பகுப்பு. இதைப் பள்ளிப் பாடம் என்று ஒதுக்க வேண்டாம். எந்த நாளில் தண்ணீர், எந்த நாளில் மேலுரம் என்ற கணக்கு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

வளரும் முனை எங்கே இருக்கிறது?

நெற்பயிரின் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறிய அறைகளால் ஆனது. அந்த அறைதான் செல். ஒரு செல் இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். பிரிவதற்கு முன்னால் தன்னிடம் உள்ள 24 குரோமோசோம்களையும் படி எடுத்து, ஆளுக்கு ஒரு முழுத் தொகுப்பாகப் பங்கு வைத்துக்கொள்ளும். அதனால் வேரில் இருக்கும் செல்லுக்கும் இலையில் இருக்கும் செல்லுக்கும் கையில் உள்ள குறிப்பேடு ஒன்றுதான். அதில் எந்தப் பக்கத்தை வாசிக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று வேராகிறது, ஒன்று இலையாகிறது, ஒன்று மகரந்தமாகிறது.

எல்லா செல்லும் ஓயாமல் பிரிவதில்லை. பிரிவதற்கென்றே சில இடங்கள் உண்டு. நெல்லில் முக்கியமான இடம் தண்டின் நுனியிலுள்ள வளரும் முனை. அது ஊசிமுனை அளவுதான். இளம் பயிரில் அது உயரத்தில் இருக்காது. தூரின் அடியில், மண்மட்டத்துக்குப் பக்கத்தில், இலை உறைகளுக்குள் ஒளிந்திருக்கும். ஆடு மாடு மேய்ந்த இளம் பயிர் மறுபடியும் தழைப்பது இதனால்தான். இலை போனாலும் இலையை உண்டாக்கும் இடம் தப்பிவிடுகிறது. கதிர் உருவாகித் தண்டு நீளத் தொடங்கிய பிறகு அதே மாடு வாய் வைத்தால் கதிரே போய்விடும்.

முதல் கட்டம்: தூர் கட்டும் காலம்

ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்தால் ஒரு தூர் கிளைக்கும். நாற்றை 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மேலாக நடச் சொல்வது இதற்காகத்தான். ஆழமாக நட்டால் அடிமொட்டுகள் தாமதமாகக் கிளைக்கும், சில கிளைக்காமலே போகும்.

இந்தக் கட்டத்தில் பயிருக்குத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. குருத்துப்பூச்சி தாக்கி ஒரு தூரின் நடுக்குருத்து காய்ந்தால், பக்கத்து மொட்டு கிளைத்து ஓரளவு ஈடு செய்யும். வயல் சில நாள் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டாலும் பெரிய நட்டமில்லை.

ஆனைக்கொம்பன் ஈயின் வேலையையும் இங்கே கவனியுங்கள். அதன் புழு நேராக வளரும் முனைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இலையாகவும் கதிராகவும் மாற வேண்டிய செல்கள் தடம் மாறி, வெங்காயத் தாள் போல ஒரு வெண்குழலாக நீள்கின்றன. குழல் வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தூரில் கதிர் வராது. மருந்து அடித்தாலும் குழல் திரும்பக் கதிராகாது.

இரண்டாம் கட்டம்: இலை நின்று கதிர் தொடங்கும் நாள்

அதுவரை இலையாகப் பிறப்பித்துக்கொண்டிருந்த வளரும் முனை ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்கிறது. இனி இலை இல்லை, கதிர்தான். சில ஊர்களில் இதைப் பஞ்சு கட்டும் பருவம் என்பார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய்த்தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். கணுவுக்கு மேலே 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பஞ்சு நுனி போலத் தெரிந்தால் கதிர் தொடங்கிவிட்டது.

கதிரில் எத்தனை கிளை, எத்தனை பூ என்பது அடுத்து வரும் சில நாட்களில் முடிவாகிறது. தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நான்காகப் பிரித்துப் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதில் மூன்றாவது தவணைக்குரிய நாள் இதுதான்.

மூன்றாம் கட்டம்: தொண்டைக்கதிர்

சேரன்மகாதேவி விவசாயியின் வயலில் நட்டம் நடந்த இடம் இது. இதுவரை நடந்த பகுப்பில் 24 குரோமோசோமும் அப்படியே அடுத்த செல்லுக்குப் போயின. ஆனால் விதை உண்டாக ஆணும் பெண்ணும் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கணக்கு 48 ஆகிவிடக் கூடாது. அதற்காகப் பூவுக்குள் மட்டும் ஒரு தனிப் பகுப்பு நடக்கிறது. குரோமோசோம்கள் பாதியாகி 12 ஆகின்றன. இதைக் குன்றல் பகுப்பு என்கிறோம். மகரந்தத் தாய்செல் ஒன்று இப்படிப் பிரிந்து நான்கு மகரந்தங்களைத் தருகிறது.

கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 10 முதல் 12 நாள் முன்னால், கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும்போதே இது நடந்து முடிகிறது. அடையாளம் வேண்டுமா? கண்ணாடி இலையின் மூட்டும் அதற்குக் கீழ் இலையின் மூட்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நாட்களைப் பாருங்கள். மூட்டு என்பது இலையும் உறையும் சேரும் இடம்.

இந்த நாட்களில் வயல் காய்ந்தால் மகரந்தத்துக்குப் போக வேண்டிய சர்க்கரையும் மாவுச்சத்தும் சரியாகச் சேராது. மகரந்தம் சூம்பிவிடும். பெண் பாகம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கெடுவது ஆண் பாகம்தான். பத்து நாள் கழித்து எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அந்தப் பூவுக்குப் புது மகரந்தம் உண்டாகாது. தூருக்கு இருந்தது போல ஈடு செய்ய இங்கே இன்னொரு மொட்டு இல்லை.

நான்காம் கட்டம்: பூவும் மணியும்

நெற்பூ பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல் நண்பகலுக்குள் திறந்து மூடிவிடும். வெளியே வந்த மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அதனால் பூக்கும் நாட்களில் காலை நேரத்தில் எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் மாலையில் தெளியுங்கள்.

கருவுற்ற பிறகு மணிக்குள் மீண்டும் வேகமான பகுப்பு. நாம் சோறாக உண்ணும் பகுதியின் செல்கள் முதல் 10 நாளுக்குள் ஏறக்குறைய முழு எண்ணிக்கையை எட்டிவிடும். அதன் பிறகு அந்த அறைகளில் மாவு நிரம்புவது மட்டுமே நடக்கும். பால் பிடிக்கும் நேரத்திலும் வயலில் ஈரம் வேண்டும் என்பது இதனால்தான்.

உங்கள் வயலின் நாள் கணக்கு

குறுகிய வயது ரகமோ நீண்ட வயது ரகமோ, வித்தியாசம் பெரும்பாலும் தூர் கட்டும் காலத்தில்தான் இருக்கும். கதிர் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள் என்பது அதிகம் மாறாது. ஆகவே ரகத்தின் வயதிலிருந்து 65 நாளைக் கழியுங்கள். விதை விதைத்த நாளிலிருந்து எண்ணினால் கதிர் தொடங்கும் நாள் கிடைக்கும்.

* 110 நாள் ரகம்: கதிர் தொடங்குவது 45ஆம் நாள், குன்றல் பகுப்பு 65 முதல் 70ஆம் நாள் வரை, பூப்பது 80ஆம் நாள்.
* 135 நாள் ரகம்: கதிர் தொடங்குவது 70ஆம் நாள், குன்றல் பகுப்பு 90 முதல் 95ஆம் நாள் வரை, பூப்பது 105ஆம் நாள்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 ரகத்தை எடுத்துக்கொள்வோம். வயது 110 முதல் 115 நாள். பிசானத்துக்கு அக்டோபர் 15இல் நாற்றுப் பாவினால் நவம்பர் கடைசியில் கதிர் தொடங்கும். டிசம்பர் 19 முதல் 24 வரை குன்றல் பகுப்பு. வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கி, நாம் பாபநாசம் அணையின் மட்டத்தை அண்ணாந்து பார்க்கும் நாட்கள் அவை. ஸ்ரீவைகுண்டம் கடைமடைக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். நாற்று முற்றியிருந்தாலோ இடையில் வறட்சி வந்தாலோ சில நாள் தள்ளிப்போகும். அதனால் நாளை எண்ணுவதோடு தண்டைக் கீறியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறைந்தால் என்ன செய்யலாம்?

* தூர் கட்டும் காலத்தில் எப்போதும் தேக்கி வைக்காமல், கட்டிய தண்ணீர் மறைந்தபின் பாய்ச்சி மிச்சம் பிடியுங்கள். மிச்சப்படுத்தியது தொண்டைக்கதிருக்கு உதவும்.
* இரண்டு வயல் இருந்து தண்ணீர் ஒன்றுக்குத்தான் வரும் என்றால், தொண்டைக்கதிரில் இருக்கும் வயலுக்கு முதலில் விடுங்கள்.
* மோட்டார் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கதிர் வெளியே தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி இலை விரியும்போதே எடுங்கள்.
* ஒரே மடையில் பாயும் விவசாயிகள் பேசிவைத்து ஒரே வயதுள்ள ரகத்தை ஒரே வாரத்தில் பாவினால், முறைத் தண்ணீரைத் தேவையான நாளில் கேட்டுப் பெறுவது எளிது.
* சாவியைப் பார்த்தபின் யூரியா போடாதீர்கள். அது மணியாக மாறாது. நோயும் பூச்சியும்தான் கூடும்.
* அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

நாற்றுப் பாவிய தேதியை இன்றே வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். கதிர் தொடங்கும் நாளையும் தொண்டைக்கதிர் நாட்களையும் அதிலேயே வட்டமிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வாரத்தில் ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய் வாருங்கள். சேரன்மகாதேவி விவசாயி மறுவருடம் அப்படித்தான் வந்தார். கையில் கதிர் இல்லை, கீறிய தண்டுதான் இருந்தது. "பஞ்சு தெரியுதா சார்?" என்று கேட்டார். தெரிந்தது.