உஷார்! குளிர் கீழிருந்து வரும்

மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக்கில் படுத்துக் காட்டில் இரவைக் கழிக்க, வீட்டிலேயே தூவிப் (பறவையின் மென்மையான உள்ளிறகு) போர்வை தைக்கப் போகிறீர்களா? துணியில் கத்திரி வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சட்டையில் தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில், நள்ளிரவுக் குளிரில், போர்வையில் கோளாறு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அப்பலாச்சியன் பாதையில் ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் நோக்கி நடப்பவர்கள் பலர் மார்ச், ஏப்ரலில்தான் அந்த மலையைக் கடக்கிறார்கள். பெயருக்குத்தான் வசந்தம், அங்குள்ள 2,025 மீட்டர் உயரக் குவோஹி சிகரத்தில் ஏப்ரலிலும் பனி கொட்டும்.

முதல் ஆபத்து முதுகுக்கடியில். தூவி தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. ஹேமக்கினுள் போர்வையை விரித்து மேலே படுத்தால் உடல் எடையில் தூவி நசுங்கும், காற்று வெளியேறிவிடும். கீழே வீசும் குளிர்காற்றுக்கும் முதுகுக்கும் நடுவே மெல்லிய துணிகள்தான் மிஞ்சும். அதனால் அடிப்போர்வை ஹேமக்குக்கு வெளியே, அதன் அடிப்பக்கத்தை ஒட்டித் தொங்க வேண்டும். தளர்ந்தால் இடைவெளியில் காற்று புகும்; இறுகினால் தூவி நசுங்கும். ஹேமக் வளைந்து தொங்குவதால், வெளித்துணியை உள்துணியைவிட அகலமாக வெட்டுவது அவசியம்.

அடுத்தது, பலரும் ஏமாறும் இடம். இலவம்பஞ்சு மெத்தையைப் போல மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள்! அந்தத் தையல் ஓடும் இடமெல்லாம் தடிமன் பூஜ்யம். வரிவரியாகக் குளிர் ஏறும். இரு துணிகளுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணிப் பட்டிகளைச் சுவர்போல நிறுத்தித் தைத்து, அறை அறையாகப் பிரியுங்கள். துணி, தூவி கசியாத நெருக்கமான நைலானாக இருக்கட்டும். தடித்த ஊசி வேண்டாம். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். துணியைக் கிளிப்பால் பிடியுங்கள்.

கணக்கிலும் கவனம். 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 6 செ.மீ. தடிமன் என்றால் நிரப்ப வேண்டியது சுமார் 130 லிட்டர். 800 ஃபில் பவர் (தூவி உப்பும் அளவு) தூவியில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், 13 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக 280 கிராம் தேவை. நான் இன்னும் 40 கிராம் கூடுதலாகவே போடச் சொல்வேன். விலை குறைவென்று இறகு கலந்த 550 தரச் சரக்கை வாங்கி அதே 280 கிராமை நிரப்பினால், தடிமன் 4 செ.மீ.யைத் தாண்டுவதே கஷ்டம். தைத்தவருக்குத் தெரியாமலே போர்வை மெலிந்துவிடும்.

நிரப்பும்போது மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போடுங்கள். இறகுப் படுக்கைக்கு மாறிய 43 வயது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு இறகுத் தூசால் நுரையீரல் அழற்சி வந்ததை, 2019-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழ் பதிவு செய்திருக்கிறது.

நனைந்த தூவி கட்டியாகிக் காப்புத் திறனை இழந்துவிடும். மேலே தார்ப்பாய் கட்டாமல் படுக்காதீர்கள். அடுப்பைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

தைத்து முடித்ததும் நேரே மலைக்குக் கிளம்பாதீர்கள். எந்தக் குளிருக்காகத் தைத்தீர்களோ அதே குளிரில், வீட்டுக் கொல்லையில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால், குளிர் பழகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, உடனே அவசர உதவியை அழையுங்கள்.