மலாக்காவில் தமிழ் பயின்ற முன்ஷி அப்துல்லா

மலாக்கா நகரின் பெருஞ்சாலைகளுள் ஒன்று முன்ஷி அப்துல்லாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயரை நாள்தோறும் சொல்வோர் பலர். அவர் இளமையில் இதே ஊரில் முறையாகத் தமிழ் பயின்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. புதுமலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் இக்கவிஞரின் வாழ்க்கை, தமிழாசிரியர்கள் கருத்தூன்றி அறியத்தக்கது.

அப்துல்லா 1796-ஆம் ஆண்டு மலாக்காவில் கம்போங் பாலி என்னுமிடத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை யெமன் நாட்டு அராபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணம் புரிந்து வாழ்ந்தவர். அவர்தம் மைந்தருள் ஒருவர் மலாக்காவில் குடியேறி, ஷேக் மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். லெப்பை என்பது தமிழ் முஸ்லிம்களிடையே இன்றும் வழங்கும் பெயரன்றோ? அப்துல்லாவின் பாட்டியார், ஏறத்தாழ 200 சிறுவர் சிறுமியர்க்குக் குர்ஆன் ஓதக் கற்பித்த ஆசிரியை ஆவார். கற்பித்தல் அக்குடும்பத்தின் குலத்தொழில் போலவே இருந்தது எனலாம்.

திருமறை ஓதக் கற்றபின், தந்தையார் மகனைத் தமிழ் பயில அனுப்பினார். அதற்கான காரணத்தை அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றிலேயே விளக்கியுள்ளார். அக்காலத்தில் மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகர் நிறைந்திருந்தனர். கணக்கு எழுதவும் வாணிகம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. ஆதலால், வசதி படைத்த குடும்பத்தினர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதை வழிவழி வந்த வழக்கமாகக் கொண்டிருந்தனர். ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, தமிழ் இம்மண்ணில் மதிப்புடைய மொழியாக விளங்கிற்று என்பது இதனால் தெளிவாகும்.

இளம்பருவத்திலேயே அப்துல்லா, கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மொழியாசிரியர் எனப் பொருள்படும் ‘முன்ஷி’ என்னும் பட்டம் அவர்களால் வந்ததே. 1810-இல் ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தபோது, அவரிடம் எழுத்தராய்ப் பணியாற்றினார். பின்னர்க் கிறித்தவப் பாதிரிமார்க்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார். இளமையில் கற்ற தமிழும் வீண்போகவில்லை. 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார்.

அவருடைய எழுத்தில் புதுமை யாது? பழைய மலாய் நூல்கள் பெரும்பாலும் மன்னர் புகழையும் கற்பனைக் கதைகளையும் பாடின. அப்துல்லாவோ கண்ணால் கண்டதை எழுதினார். 1830-இல் சிங்கப்பூரை எரித்த பெருந்தீயைப் பற்றிச் செய்யுள் யாத்தார். மலாக்காக் கோட்டை தகர்க்கப்பட்ட காட்சி, பள்ளிக்கூடத் தண்டனைகள், சந்தை, நோய், மக்களின் நம்பிக்கைகள் ஆகிய அனைத்தையும் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்தார். ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் அந்நூல் 1849-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்று அவரைக் குறை கூறுவோரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கண்டதை ஆராய்ந்து, காரணம் கேட்டு எழுதும் துணிவு அவரிடம் இருந்தது. 1854-இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்ற அவர் ஊர் திரும்பவில்லை.

அவர் சிந்தனைகளுள் நமக்கு மிகவும் வேண்டுவது ஒன்றுண்டு. பிற இனத்தார் தம் மொழியைப் பள்ளியில் வைத்துக் கற்க, மலாய் மக்கள் அவ்வாறு கற்கவில்லையே என்று அவர் வருந்தினார். ‘நம் மொழிதானே, கற்பதற்கு என்ன இருக்கிறது?’ என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று கண்டார். பேச்சுப் பழக்கம் வேறு, மொழிக் கல்வி வேறு. பேசுவது மட்டுமே போதும் என்று விடப்பட்ட மொழி, காலப்போக்கில் பேச்சிலிருந்தும் நழுவும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டா. 1781-இல் மலாக்காவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை எழுப்பிய செட்டிச் சமூகத்தார், தம் சமயத்தையும் சடங்குகளையும் இன்றளவும் போற்றி வருகின்றனர். ஆயின் அவர்கள் இல்லத்தில் பேசும் மொழி மலாயாகிவிட்டது. கோயில் நிலைத்தது, மொழி நிலைக்கவில்லை. இஃது அவர்மீது சுமத்தும் பழியன்று. தலைமுறை தோறும் கற்பிக்க ஏற்பாடு இல்லாவிடில், எந்தச் சமூகத்திற்கும் நேரக்கூடியதே.

ஆதலால் தோட்டத்திலும் நகரத்திலும் தமிழ்ப்பள்ளியில் அகரம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர், சிறு பணி செய்பவர் அல்லர். ஒரு காலத்தில் வாணிகத்தின் பொருட்டு மலாக்காவில் பிறரும் விரும்பிக் கற்ற மொழி இது. இன்று அவ்வாணிகம் இல்லை. துறைமுகத்தின் பழம்பெருமையும் இல்லை. எஞ்சி நிற்கும் துணை வகுப்பறை ஒன்றே. அதனைக் காப்பது பெற்றோர் கடன். அதில் உயிர் ஊட்டுவது ஆசிரியர் கடன்.