ராக்கர் மாற்றிய பிறகு ஏன் சத்தம்?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவர் எழுதியது)

வால்வு இயக்கத்தின் படம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். கேம், டேப்பெட், புஷ்ராடு, ராக்கர், வால்வு என்று வரைந்து பெயர் குறித்துவிட்டால் மார்க் நிச்சயம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தப் படத்தில் சத்தம் கேட்காது என்பது மட்டும் பிறகுதான் தெரிந்தது.

என் அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். மாலையில் அஸ்தினாபுரத்தில் ஒரு டூவீலர் ஷெட்டில் வேலை செய்கிறேன். பஸ் செலவும் நோட்டுச் செலவும் அதில்தான். மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலை பால் ஊற்ற வரும் ஒரு அண்ணன் தன் பழைய புல்லட்டைக் கொண்டுவந்தார். ராக்கர் இரண்டும் தேய்ந்துவிட்டன. புது செட் அவரே வாங்கி வந்திருந்தார். மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. "நான் போட்டுடறேன்ணே" என்று சொல்லிவிட்டேன்.

புல்லட் நம்ம ஊர் வண்டி. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த வண்டி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. 2009-ல் வந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பெட் இருப்பதால் இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய இரும்பு பேரல் இன்ஜினில் எல்லாம் நம் கையில்தான். அதில் ஒவ்வொரு ராக்கரும் இரண்டு பாதியாக உள்ள ஒரு பேரிங் பிளாக்குக்குள் உட்கார்ந்து ஆடும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஜோடியாகக் கடையப்பட்டவை. இதன் மேல் பாதி அதற்குச் சேராது. நானோ எல்லாவற்றையும் ஒரே டீசல் தட்டில் போட்டுக் கழுவினேன்!

பூட்டும்போது நட்டை முழுக்க இறுக்கினால் ராக்கர் இறுகி நின்றது. அரைச் சுற்று தளர்த்தினால் ஆடியது. சரி, புதுசு, ஓட ஓட செட் ஆகிவிடும் என்று தளர்த்தியே விட்டேன். ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று ஒரே சத்தம். டேப்பெட் இடைவெளி அதிகம் என்று நினைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சத்தம் அடங்கும்வரை அட்ஜஸ்டரை ஏற்றினேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. பால்கார அண்ணனுக்குப் பரம சந்தோஷம், எனக்கு ஐம்பது ரூபாய் தனியாகக் கொடுத்தார்.

நான்காம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கரை மிதித்தால் சைக்கிள் பெடல் மாதிரி போகிறது, கம்ப்ரஷன் இல்லை. இரண்டு நாள் பால் கேனை சைக்கிளில் வைத்து ஓட்டியிருக்கிறார். ஹெட்டைக் கழற்றியதும் மேஸ்திரி எக்ஸாஸ்ட் வால்வை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முகப்பு ஓரிடத்தில் கருகி அரித்திருந்தது. "சத்தம் போட்டா பயம் இல்லடா. நீ அதோட வாயை அடைச்சுட்ட" என்றார்.

ஏன் கருகியது? எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் அது சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. இன்ஜின் சூடானால் வால்வின் தண்டு நீளும். இடைவெளியே இல்லாமல் இறுக்கியிருந்தால் நீண்ட வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை. போதாததற்கு எரியும் வாயு அந்தச் சந்து வழியாகப் பாய்கிறது. தளர்ந்த டேப்பெட் ஊருக்கே கேட்கும், இறுகிய டேப்பெட் சத்தமில்லாமல் வால்வைத் தின்றுவிடும். நம்மில் பலரும் காதை வைத்து மட்டும் செட் செய்கிறோம், அதனால் சொல்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். கழற்றும்போதே பிளாக்குகளையும் புஷ்ராடுகளையும் இன்லெட், எக்ஸாஸ்ட் என்று தனித்தனி டப்பாவில் போட்டுவிடுவேன். புஷ்ராடு இரண்டும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டால் அட்ஜஸ்டரே எட்டாது. ராக்கரில் எண்ணெய் தடவி, பிளாக்கை முழுக்க இறுக்கிய பிறகு, புஷ்ராடு போடுவதற்கு முன்பே விரலால் ஆட்டிப் பார்ப்பேன். தடையில்லாமல் ஆட வேண்டும். ஆடாவிட்டால் நட்டைத் தளர்த்துவது வைத்தியம் அல்ல. இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் டி.டி.சி.யில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடு இரண்டு விரலில் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்று செட் செய்வேன். லாக்நட் இறுக்கியதும் இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும், இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லையா, உடனே ஆஃப்.

ரேஸ் ஆசையில் ரோலர் ராக்கர் போடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு தொல்லை உண்டு. அமெரிக்காவில் 1955-ல் வந்த செவர்லே வி-8 இன்ஜினின் ராக்கர் விகிதம் 1.5. அதில் 1.6 போடுவது அங்கே பழக்கம். கேம் லிஃப்ட் 7 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வால்வு 10.5 மி.மீ. திறந்த இடத்தில் இப்போது 11.2 திறக்கும். அந்த 0.7 மி.மீ.க்கு ஸ்பிரிங்கில் இடம் இருக்கிறதா, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகிறதா, வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று பார்க்காமல் போட்டால் புஷ்ராடு வளையும். வால்வு நுனியில் மார்க்கர் மை தடவி, கையால் சில சுற்று சுற்றி, எடுத்துப் பாருங்கள். தேய்ந்த கோடு மெல்லியதாக நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் புஷ்ராடு நீளம் சரியில்லை, வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேயும். ஐந்து நிமிட வேலை, மார்க்கர் மட்டும் போதும்.

புது வால்வுக்கும் சீட் கட்டிங்குக்கும் என் பரீட்சை ஃபீஸ் பணம் போனது. அப்பாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. "முட்டு ஒண்ணு சரியா நிக்கலன்னா சத்தமே வராதுடா, பலகைதான் வரும்" என்று சொல்லிவிட்டு, கொத்தனாரிடம் முன்பணம் வாங்கி வந்து கொடுத்தார்.

பால்கார அண்ணன் இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். காலையில் வண்டி லேசாக டிக் டிக் என்கிறது. "தம்பி, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்" என்பார். "இருக்கட்டும்ணே" என்று சொல்லி, புஷ்ராடைச் சுற்றிக் காட்டி மூடியைப் பூட்டிவிடுகிறேன்.