எதிர்ப்பொருள் எதை அறியும்?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் வரும். அங்கே பாம்புகளிடமிருந்து நஞ்சு எடுப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டுப் பகுதி இருளர்களுக்காக 1978-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, நஞ்சை எடுத்த பின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த நஞ்சு என்ன ஆகிறது? மருந்துத் தொழிற்கூடங்களில் அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் அதை அந்நியப் பொருள் என்று கண்டு, அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. குருதியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடிக்கு மருந்து தயார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எதிர்ப்பொருள் தனக்குக் காட்டப்பட்ட வடிவத்தையும், அதை மிகவும் ஒத்த வடிவத்தையும் மட்டுமே அறியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி தூக்கலான ஒரு குழிவிரியன் உண்டு. அது கடித்தால் இந்த மருந்து பயன் தருவதில்லை. அதன் நஞ்சைக் குதிரைக்குக் காட்டவில்லை அல்லவா?

இதே குணத்தை ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். நம் செல்களிலுள்ள புரதங்கள் பலவற்றுக்குப் பாஸ்பேட் என்னும் சிறு தொகுதி ஒரு சுவிட்சு போன்றது. அது ஒட்டிக்கொண்டால் சில புரதங்கள் வேலையைத் தொடங்கும், சில நிறுத்தும். தசையிலுள்ள ஒரு நொதியில் இதை 1955-இல் காட்டிய பிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய்ச் செல்களில் இந்தச் சுவிட்சு சில வேளை அணையாமலே நின்றுவிடுகிறது.

சுவிட்சு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? 50,000 மூலக்கூறு எடையுள்ள புரதத்தில் பாஸ்பேட்டினால் கூடுவது வெறும் 80தான்! எதிர்ப்பொருளோ எடையைப் பார்ப்பதில்லை, வடிவத்தைப் பார்க்கிறது. பாஸ்பேட் ஒட்டிய புரதத் துண்டு ஒன்றைச் செய்து முயலுக்குச் செலுத்துகிறார்கள். முயலின் சீரத்தில் இரு வகை எதிர்ப்பொருள்கள் இருக்கும். ஒன்று பாஸ்பேட் இருந்தால்தான் பற்றும். மற்றது இல்லாவிட்டாலும் பற்றும். பாஸ்பேட் இல்லாத துண்டுகள் ஒட்டிய மணிகளின் வழியே சீரத்தைச் செலுத்தினால் இரண்டாம் வகை அங்கேயே தங்கிவிடும். பாஸ்பேட் ஏறிய டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை அறியும் எதிர்ப்பொருளை அமெரிக்காவில் ராஸ், பால்டிமோர், ஐசன் ஆகியோர் 1981-இல் வெளியிட்டார்கள்.

சோதனை எளிது. செல்லின் புரதங்களை மின்சாரத்தால் கூழ்மத்தில் பிரித்து, மெல்லிய தாளுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். அது பற்றிய இடத்தை ஒரு பட்டையாகத் தெரியச் செய்யலாம்.

பட்டை தெரிந்ததும் நம்பிவிடலாமா? கூடாது. ஒத்த வடிவமுள்ள வேறு புரதத்தையும் அது பற்றியிருக்கலாம். எனவே மாதிரியில் ஒரு பாதியில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தப் பாதியில் பட்டை மறைய வேண்டும். மறையவில்லையானால், அந்த எதிர்ப்பொருள் காண்பது பாஸ்பேட்டை அல்ல. இதைப் பாராமல் விட்டால், இல்லாத சுவிட்சுக்கு மருந்து தேடிப் பல ஆண்டுகள் வீணாகும். ஆகவே மலையோர மருத்துவரானாலும் ஆய்வுக்கூட மாணவரானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த எதிர்ப்பொருளுக்கு எதைக் காட்டினார்கள்?