ஓங்கிய கை

சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அதிலும் சண்டைப் படம் என்றால் கேட்கவே வேண்டியதில்லை. "பிள்ளைகள் கெட்டுப் போவதற்கு வேறு என்ன வேண்டும்?" என்பார்கள். நானும் நெடுநாள் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபியர்லெஸ்' என்னும் சீனப் படத்தைப் பார்த்த பிறகு என் கட்சி சிறிது ஆட்டங்கண்டு விட்டது. 'அச்சமற்றவன்' என்று பொருள்படும் அப்படத்தை ரோனி யூ இயக்கினார். கதாநாயகனாக ஜெட் லீ நடித்தார்.

கதாநாயகன் கற்பனைப் பாத்திரம் அல்லன். ஹுவோ யுவான்ஜியா என்ற அந்த வீரர் 1868-இல் தியான்ஜின் நகரை அடுத்த ஒரு கிராமத்தில், பரம்பரையாகக் கைச்சண்டை பயின்று வந்த குடும்பத்தில் பிறந்தார். அவர் வாழ்ந்த காலம் சீன தேசத்துக்கு மிகவும் பொல்லாத காலம். அபினி யுத்தத்தில் தோற்றுத் துறைமுகங்களை அந்நியருக்குத் திறந்துவிட்ட நாடு அது. 1900-இல் அந்நியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த குத்துச்சண்டைக் கூட்டத்தார், தங்கள் வித்தையின் மகிமையால் துப்பாக்கிக் குண்டும் உடம்பில் பாயாது என்று நம்பினார்கள். குண்டுகள் பாய்ந்தன. எட்டு வல்லரசுகளின் சேனை பீக்கிங்கினுள் புகுந்தது. மறு ஆண்டில் 45 கோடி டேல் வெள்ளி அபராதமாக விதிக்கப்பட்டது. சீனாவைக் 'கிழக்காசியாவின் நோயாளி' என்று ஏளனம் செய்தார்கள். நாளடைவில் அந்தச் சொல் சீனர்களுடைய நெஞ்சிலேயே முள்ளாகத் தைத்து விட்டது.

இத்தகைய வீரரைப் பற்றிப் படம் எடுப்பவர் எதைக் காட்டுவார்? வெள்ளைக்காரனை அடித்து வீழ்த்தியதைக் காட்டுவார். நாமும் கை தட்டுவோம். இந்தப் படத்திலும் அது இல்லாமல் இல்லை. ஷாங்காய் நகர மேடையில், குத்துச்சண்டைக்காரன், ஈட்டிக்காரன், வாள்வீரன் ஆகிய மேல்நாட்டார் மூவரையும் ஒருவர்பின் ஒருவராகக் கதாநாயகன் வெல்கிறான். ஆயினும் கதையின் உயிர் அங்கே இல்லை.

ஊரில் தன்னை மிஞ்சியவன் எவனும் இருக்கலாகாது என்ற மமதை இளமையில் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. சீடன் ஒருவன் சொன்ன வார்த்தையை விசாரியாமல் நம்பி, மற்றோர் ஆசானுடன் மோதி, அவரைக் கொன்று விடுகிறான். குற்றம் சீடனுடையது என்பது பின்னரே தெரிகிறது. அதற்குள், இறந்தவரின் வளர்ப்பு மகன் பழி வாங்கி விடுகிறான். கதாநாயகனின் வயோதிகத் தாயும் சிறுமியான மகளும் உயிரிழக்கிறார்கள். அவனை வீழ்த்தியது எந்த அந்நியனும் அல்லன்; அவனுடைய அகங்காரமே.

பித்துப் பிடித்தவன்போல் அலைந்த அவனுக்கு ஒரு மலைக்கிராமம் அடைக்கலம் அளிக்கிறது. அங்கே நாற்று நடும் காட்சி ஒன்று வருகிறது. நம் நாட்டுக் குடியானவர்கள் பார்த்தால் புன்னகை செய்வார்கள். வயலிலும் பந்தயம் ஓடுபவன்போல் அவன் அவசர அவசரமாக நாற்றுக்களை நெருக்கி நட்டு விடுகிறான். கண் பார்வையற்ற பெண் ஒருத்தி அவற்றைப் பிடுங்கி இடைவெளி விட்டு மறுபடியும் நடுகிறாள். பயிருக்கும் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா? பத்துக் குருமார் கற்பிக்க முடியாததை அந்தச் சேற்று வயல் அவனுக்குக் கற்பித்து விடுகிறது.

இறுதிப் போட்டி ஜப்பானிய வீரன் டனாகாவுடன் நடக்கிறது. இடைவேளையில் அருந்திய தேநீரில் விஷம் கலந்திருக்கிறது. தான் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஹுவோ மேடை ஏறுகிறான். எதிரியின் உயிரைப் போக்கக்கூடிய ஓர் அடிக்குத் தருணம் வாய்க்கிறது. கை ஓங்குகிறது, அந்த அடியை அவன் அடக்கிக்கொண்டு விடுகிறான். டனாகா இதை உணர்ந்து, தோல்வியைத் தானே ஒப்புக்கொள்கிறான். முன்பு ஓர் ஆசானைக் கொன்ற கையே இப்போது பகைவனை வாழ விடுகிறது. வீரத்தின் வளர்ச்சியை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் அதிகமில்லை.

எனினும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவன் இதோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. படத்தில் வருவதெல்லாம் சரித்திரம் அன்று. ஹுவோவின் ஒரே மகள் கொலையுண்டு வம்சமே அற்றுப் போனதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் மக்கள் பலரைப் பெற்றவர். அவருடைய வழித்தோன்றல்கள் இதை அவமதிப்பாகக் கருதி நீதிமன்றம் வரை சென்றார்கள். ஓ'பிரையன் என்ற மேல்நாட்டுப் பலசாலியுடன் அவர் பொருதியது பெரிய காட்சியாக வருகிறது. அப்போட்டி உண்மையில் நடந்ததா என்பதே விவாதத்துக்குரிய விஷயம். 1910-இல் அவர் இறந்தபோது விஷம் வைத்தார்கள் என்ற பேச்சு பரவியது. ஆனால் அவர் நோயுற்றிருந்தவர் என்பதும் உண்மை. தேசபக்தியின் பெயரால் ஒருவருடைய குடும்பத்தையே அழித்துக் காட்டலாமா? மாண்டவர் மறுத்துப் பேச முடியாது. ஆகவே அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள்தாம் கூடுதலாகக் கவனம் காட்ட வேண்டும்.

அவருடைய மெய்யான சாதனைக்கு இந்த அலங்காரம் ஒன்றும் தேவையில்லை. அவர் இறந்த அதே 1910-இல் ஷாங்காயில் அவர் பெயரால் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே பின்னர் ஜிங்வூ சங்கமாக வளர்ந்தது. தந்தை மகனுக்கு மட்டும், குரு அந்தரங்கச் சீடனுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்த வித்தைகள் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பொதுவில் கற்பிக்கப்பட்டன. வடக்கத்தி முறை, தெற்கத்தி முறை என்ற பேதம் பாராட்டவில்லை. பெண்களுக்கும் இடம் அளித்தார்கள். தலைவர் சில மாதங்களிலேயே மறைந்தும் சங்கம் மறையவில்லை. 1920-க்குப் பின் கடல் கடந்து, நம்மவர் பலர் குடியேறியிருந்த மலாய் நாட்டின் கோலாலம்பூரிலும், சிங்கப்பூரிலும் கிளை விட்டது. அக்கிளைகள் இன்றும் உள்ளன.

மேடையில் ஒருவனை வீழ்த்தினால் அந்தக் கைதட்டல் மாலைக்குள் அடங்கி விடும். ஒளித்து வைத்த கலையைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டால், அதன் பயன் தலைமுறை தலைமுறையாக நிற்கும். 'நோயாளி' என்ற ஏச்சுக்கு அந்த மனிதரின் பெயரால் எழுந்த பதில் ஒரு பள்ளிக்கூடம்.

உங்கள் பிள்ளைகள் இப்படத்தைப் பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். கூட அமர்ந்து பாருங்கள். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவன் அடித்த அடிகளில் எது பெரியது?" அடிக்காமல் விட்ட அந்த ஓர் அடிதான் என்று பிள்ளை சொன்னால், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை.